சங்கப் பொறுப்பாளர் கைதானால்: காவல் நிலையத்திலிருந்து ஜெனீவா வரை

"சங்கம் நடத்தினார்" என்று குற்றச்சாட்டு எழுதி எந்தக் காவல்துறையும் யாரையும் உள்ளே வைப்பதில்லை. அனுமதியில்லாமல் கூடினார், போக்குவரத்தை மறித்தார், பொது அமைதியைக் குலைத்தார், சங்கப் பணத்தைக் கையாடினார், தீவிரவாதத்தைத் தூண்டினார் என்று ஏதாவது ஒன்றுதான் காகிதத்தில் வரும். தெஹ்ரான் பேருந்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் மன்சூர் ஒசான்லூ 2007 ஜூலையில் பிடிக்கப்பட்டபோது தேசப் பாதுகாப்பு காரணமாகக் காட்டப்பட்டது. தென்கொரியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்றின் தலைவர் ஹான் சாங்-கியுன் 2015 டிசம்பரில் கைதானது, பேரணிகளில் நடந்த மோதல்களை வைத்து. பெலாரஸ் ஜனநாயகத் தொழிற்சங்கப் பேரவையின் தலைவர் அலியாக்சாண்டர் யாராஷுக் 2022 ஏப்ரலில் பிடிக்கப்பட்டு, அதே டிசம்பரில் 4 ஆண்டுத் தண்டனை பெற்றார். அப்போது அவர் சர்வதேச தொழிலாளர் அமைப்பின், அதாவது ஐஎல்ஓவின், ஆளுகைக் குழு உறுப்பினர். அந்தப் பதவிகூட அவரைக் காக்கவில்லை.

ஆகவே முதல் நாளிலிருந்தே உங்களுக்கு ஒரு வேலைதான்: இந்தக் கைதுக்கும் அவருடைய சங்க வேலைக்கும் உள்ள முடிச்சை, தேதியும் தாளுமாகக் காட்டுவது. உள்ளூர் நீதிமன்றம் அதைக் காதில் வாங்காமல் போகலாம். ஐஎல்ஓவும் ஐநா மனித உரிமை அமைப்புகளும் இருக்கும் ஜெனீவாவில் வழக்கே அதுதான்.

சங்கத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்களுக்காக எழுதப்பட்டது இது. பிணை, ரிமாண்ட், மேல்முறையீடு எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றுக்கு உள்ளூர் வழக்கறிஞர்தான். இங்கே பேசப்போவது எந்த நாட்டுக்கும் பொதுவாக இருக்கும் பகுதி.

கைதுக்கு முன்பே கட்டி வைக்க வேண்டிய கோப்பு

போராட்ட அறிவிப்பு கொடுக்கும் நாளிலேயே இந்தக் கோப்பைத் தயார் செய்யுங்கள். கைதுக்குப் பிறகு சங்க அலுவலகம் பூட்டப்பட்டிருக்கும், கணினி போயிருக்கும், சாவி வைத்திருப்பவரே உள்ளே இருப்பார்.

உள்ளே இருக்க வேண்டியவை: சங்கப் பதிவுச் சான்று (பதிவு மறுக்கப்பட்டிருந்தால் அந்த மறுப்புக் கடிதம்), சங்க விதிகள், பொறுப்பாளர்கள் தேர்வான கூட்டத்தின் தீர்மான நகல், கோரிக்கைப் பட்டியல், நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் கொடுத்த கடிதங்கள், வேலைநிறுத்த அறிவிப்பு. ஒவ்வொன்றிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ கையெழுத்தோ தேதியோடு இருக்க வேண்டும். முத்திரை இல்லாத கடிதம் பாதிக் கடிதம்தான். "அப்படியொரு கோரிக்கையே எங்களுக்கு வரவில்லை" என்று பின்னால் பதில் வரும்போது இது தெரியும்.

பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு தாள்: முழுப்பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே, பிறந்த தேதி, குடியுரிமை, சங்கத்தில் வகிக்கும் பதவி, எந்தத் தேதியிலிருந்து, அன்றாடம் சாப்பிடும் மருந்தும் அளவும், குடும்பத்தில் யாரிடம் பேச வேண்டும். இதோடு அவரே கையெழுத்திட்ட வழக்கறிஞர் அதிகாரப் பத்திரம் ஒன்று. பல நாடுகளில் கைதியின் கையெழுத்து இல்லாமல் வழக்கறிஞர் உள்ளே நுழைய முடியாது. கையெழுத்து வாங்க உள்ளே போக வேண்டும், உள்ளே போகக் கையெழுத்து வேண்டும் என்று முதல் 2 நாள் இப்படியே போகும்.

பலரும் மறப்பது சம்மதக் கடிதம். "நான் கைதானால் என் பெயரில் சர்வதேச அமைப்புகளுக்குப் புகார் அனுப்பச் சம்மதிக்கிறேன், என் பெயரை வெளியிடலாம் / வெளியிட வேண்டாம்" என்று இரண்டு வரி போதும். ஐநா படிவங்கள் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைக் கேட்கும். சிறையிலிருந்து அதை வாங்குவது லேசான காரியமில்லை.

இந்தக் கோப்பில் வைக்கவே கூடாதது உறுப்பினர் பட்டியல். கோப்பு பிடிபட்டால் அத்தனை பேர் வீட்டுக் கதவும் தட்டப்படும். சந்தாப் பட்டியலைத் தனியே, வேறு கையில், பூட்டி வையுங்கள். கோப்புக்கு இரண்டு நகல். ஒன்று ஊருக்கு வெளியே, முடிந்தால் நாட்டுக்கு வெளியே நீங்கள் இணைந்திருக்கும் உலகச் சம்மேளனத்திடம்.

கைபேசி விஷயம் சுருக்கமாக: கைரேகை, முகம் காட்டித் திறக்கும் வசதியை அணைத்து நீண்ட கடவுச்சொல் வையுங்கள். ஒருவர் கைதானதாகத் தகவல் வந்த நிமிடமே அவர் எண்ணை எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்க ஓர் ஆளை முன்கூட்டியே நியமியுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அவர் மீது சுமத்தப்படக்கூடிய கேள்விகளை நீங்கள் குறைக்கிறீர்கள்.

முதல் 48 மணி நேரம்

48 என்பது சும்மா வந்த எண் இல்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்பாட்டின் 9ஆம் பிரிவு, கைதாகும்போதே காரணம் சொல்ல வேண்டும், குற்றச்சாட்டின் பேரில் பிடித்தவரைத் தாமதமின்றி நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது. "தாமதமின்றி" என்றால் எவ்வளவு? ஐநா மனித உரிமைக் குழு 2014இல் வெளியிட்ட 35ஆம் பொதுக் கருத்துரையில், வழக்கமாக 48 மணி நேரம் போதும், அதற்கு மேல் போவது மிக விதிவிலக்காகத்தான் இருக்க முடியும் என்று சொல்லியிருக்கிறது. அதனால்தான் நேரத்தை நிமிடக் கணக்கில் குறிக்கச் சொல்கிறோம்.

1. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். இருவர் சேர்ந்து போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் எழுதட்டும். "இங்கே இல்லை" என்று சொன்னால், சொன்னவரின் பதவி, பெயர்ப்பட்டை எண், நேரம் ஆகியவற்றைக் குறியுங்கள். இருப்பிடத்தையே மறுப்பது வேறு வகை மீறல். அதற்கு வலுக்கட்டாயமாகக் காணாமலாக்கப்படுதல் குறித்த ஐநா பணிக்குழு தனியாக இருக்கிறது, அவசர முறையீடும் எடுக்கும்.

2. வழக்கறிஞரை அனுப்புங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள். கேட்டதற்கு ஒரு சான்று இருந்தால் போதும்: வழக்கறிஞர் கொடுத்த மனுவின் நகல், அனுப்பிய மின்னஞ்சல் மாதிரி ஏதாவது.

3. ஆட்கொணர்வு மனு, அல்லது உங்கள் நாட்டில் அதற்கு ஈடான மனு, போடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை. காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பதிலில்தான் முதல் முறையாகக் கைதின் தேதி, இடம், காரணம் அவர்கள் வாயாலேயே வரும்.

4. மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். காயம் இருந்தால் அளவுகோல் வைத்துப் படம், நிறம், இடம், நோயாளி சொன்ன சொற்கள் அப்படியே. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறை தெரிந்த மருத்துவர் கிடைத்தால் நல்லது.

5. கைதானவர் வேற்று நாட்டவர் என்றால், வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு. புலம்பெயர் தொழிலாளரிடையே சங்கம் கட்டும் பொறுப்பாளர்கள் இதை மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும்.

6. உங்கள் உலகச் சம்மேளனத்துக்கு ஒரே ஒரு பத்தியில் தகவல் அனுப்புங்கள். யார், எப்போது, எங்கே, யார் பிடித்தார்கள், என்ன சொன்னார்கள், அன்றைக்கு என்ன சங்க வேலை நடந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சி பிறகு.

குறிப்பேடு ஒன்று திறந்து ஒருவரிடம் ஒப்படையுங்கள். அதில் ஒரு பதிவு இப்படி இருக்க வேண்டும்:

"மார்ச் 4, அதிகாலை 5.40. செயலாளர் வீடு. சீருடையில் 4 பேர், சாதாரண உடையில் 2 பேர். கைது ஆணை காட்டவில்லை (மனைவி கேட்டார், 'ஸ்டேஷனுக்கு வாங்க, சொல்றோம்' என்றார்கள்). மடிக்கணினி 1, கைபேசி 2, சங்கப் பேரேடு 1 எடுத்தார்கள். ரசீது தரவில்லை. பார்த்தவர்கள்: மனைவி, எதிர்வீட்டுக்காரர். முந்தைய நாள் மார்ச் 3, மாலை 4.15: ஆலை வாயிற்கூட்டத்தில் வேலைநிறுத்தத் தேதி அறிவிக்கப்பட்டது, பேசியவர் இதே செயலாளர்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். முடிச்சு அங்கேதான் விழுகிறது. வாயிற்கூட்டம் முடிந்து 14 மணி நேரத்துக்குள் கைது. இதை எந்த அடைமொழியும் இல்லாமல் இப்படி எழுதினால், "பழிவாங்கும் நடவடிக்கை" என்று 10 முறை எழுதுவதைவிடக் கனமாக விழும்.

இந்த நேரத்தில் கெட்டுப்போவது பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில்தான். அடித்தார்கள், உயிருக்குப் போராடுகிறார் என்று உறுதிப்படுத்தாத செய்தி ஒன்று கிளம்பும்; மறுநாள் அவர் நடந்து நீதிமன்றம் வருவார்; அரசின் பதிலில் அந்தச் செய்தி முதல் பத்தியாக இருக்கும். வெளியே பேச ஒருவரை மட்டும் நியமியுங்கள். தெரிந்ததை "பார்த்தோம்" என்றும், கேட்டதை "சொல்லக் கேட்டோம்" என்றும் பிரித்து எழுதுங்கள்.

இன்னொரு பொறி, உறுதிமொழிக் கடிதம். "இனிமேல் சங்க நடவடிக்கையில் ஈடுபட மாட்டேன் என்று எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம்." கையெழுத்திடுவதா என்பது உள்ளே இருப்பவரின் முடிவு, வெளியே இருந்துகொண்டு வீரம் பேச வேண்டாம். ஆனால் அப்படியொரு தாள் நீட்டப்பட்டது என்ற தகவலை, எந்த நாள், யார் நீட்டியது, என்ன வாசகம் என்று பதிவு செய்யுங்கள். கைது சங்க வேலைக்காகத்தான் என்பதற்கு இதைவிட நேரான சான்றைக் காவல்துறையே தயாரித்துத் தருவது அபூர்வம்.

எந்தச் சட்டத்தில் நிற்கிறோம்

ஐஎல்ஓவின் 87ஆம் உடன்படிக்கை (1948) சங்கம் சேரும் உரிமை பற்றியது. 98ஆம் உடன்படிக்கை (1949) சங்கம் சேர்ந்ததற்காகப் பழிவாங்கப்படாமல் இருக்கவும் கூட்டு பேரத்துக்கும். இந்தியா, சீனா, அமெரிக்கா ஆகியவை 87ஐ ஏற்றுறுதி செய்யவில்லை. அதனால் கதவு மூடிவிட்டது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. தவறு. 1951இல் அமைக்கப்பட்ட ஐஎல்ஓவின் சங்கச் சுதந்திரக் குழு, உறுப்பு நாடு எந்த உடன்படிக்கையையும் ஏற்றுறுதி செய்யாவிட்டாலும் அதன் மீதான புகாரை எடுக்கும். ஐஎல்ஓவில் சேர்ந்ததே சங்கச் சுதந்திரத்தை மதிக்க ஒப்புக்கொண்டதாகும் என்பது அதன் அடிப்படை.

கைது பற்றி அந்தக் குழு பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் சில நிலைப்பாடுகள் உங்களுக்கு வேண்டும். தொழிலாளர் நலனுக்கான செயல்பாட்டுக்காகச் சங்கத்தினரைத் தடுத்து வைப்பது, கொஞ்ச நேரமே ஆனாலும், சங்க உரிமையில் தலையிடுவதுதான். அமைதியான வேலைநிறுத்தத்தை ஏற்பாடு செய்ததற்காகவோ அதில் கலந்துகொண்டதற்காகவோ யாரும் சுதந்திரம் இழக்கக் கூடாது. விசாரணைக்கு முந்தைய தடுப்பு மிகக் குறுகிய காலத்துக்கு, நீதி விசாரணைக்கு உதவ மட்டுமே. சங்கத்தினர் என்பதற்காகச் சாதாரணக் குற்றவியல் சட்டத்திலிருந்து விலக்கும் கிடையாது. கடைசியாகச் சொன்னதை ஒளிக்காதீர்கள். 87இன் 8ஆம் பிரிவே சங்கங்கள் நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்கிறது. அதே மூச்சில், அந்தச் சட்டம் உடன்படிக்கையின் உத்தரவாதங்களைக் கெடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டுங்கள்.

87இல் "வேலைநிறுத்தம்" என்ற சொல்லே இல்லை. குழு 1952 முதல் அந்த உரிமையை ஏற்றுவந்தாலும், முதலாளிகள் தரப்பு உடன்படிக்கையிலிருந்து அது பிறக்கவில்லை என்று வாதாடியது. 2023 நவம்பரில் ஆளுகைக் குழு கேள்வியைச் சர்வதேச நீதிமன்றத்துக்கே அனுப்பியது. உங்கள் புகாரை இந்தச் சண்டைக்குள் இழுக்கத் தேவையில்லை. கைதையும், அமைதியாக நடந்ததையும் முன்னே வையுங்கள்.

எந்தக் கதவை முதலில் தட்டுவது

முக்கியமான கதவுகள் மூன்று. மூன்றுக்கும் குணம் வேறு.

சங்கச் சுதந்திரக் குழுவுக்குத் தனிநபர் புகார் செய்ய முடியாது, குடும்பமும் முடியாது. சம்பந்தப்பட்ட நாட்டுச் சங்கமோ, ஐஎல்ஓவில் ஆலோசனைத் தகுதி பெற்ற சர்வதேசத் தொழிற்சங்க அமைப்போ, பாதிக்கப்பட்ட சங்கம் இணைந்திருக்கும் சர்வதேச அமைப்போ செய்ய வேண்டும். புகார் அரசுக்கு அப்படியே அனுப்பப்படும், பெயரோடு. இதை மறந்துவிட்டு ரகசியச் சாட்சிகளின் பெயரை இணைப்பில் வைத்து அனுப்பினால் அவர்களைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

தன்னிச்சையான தடுப்புக்காவல் குறித்த ஐநா பணிக்குழு 1991இல் தொடங்கியது. 5 சுயேச்சை நிபுணர்கள். இங்கே குடும்பமும் வழக்கறிஞரும் சங்கமும் யார் வேண்டுமானாலும் எழுதலாம்; தகவல் தந்தவர் யார் என்பதை அரசிடம் சொல்வதில்லை. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் அவசர முறையீடு. இல்லையென்றால் வழக்கமான புகார், அரசுக்குப் பதில் சொல்ல 60 நாள். பிறகு ஒரு கருத்து வெளியிடும்: தடுப்பு தன்னிச்சையானதா இல்லையா. தன்னிச்சையான தடுப்பை அது பிரித்து வைத்திருக்கும் ஐந்து வகைகளில் உங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது இரண்டாவதும் (உரிமையைப் பயன்படுத்தியதற்காகத் தடுப்பு) மூன்றாவதும் (நியாயமான விசாரணை இல்லாமை). சட்ட ஆதாரமே இல்லை என்றால் முதலாவது. ஹான் சாங்-கியுன் வழக்கில் 2017இல் இந்தப் பணிக்குழு தடுப்பு தன்னிச்சையானது என்றது. அவர் 2018 மே மாதம் பரோலில் வந்தார்.

மூன்றாவது, ஐநா சிறப்பு அறிக்கையாளர்கள்: அமைதியாகக் கூடும், சங்கம் சேரும் உரிமைகளுக்கு ஒருவர் (2010 முதல்), மனித உரிமைக் காப்பாளர்களுக்கு ஒருவர். மூன்றிலும் வேகமானது இதுதான். அரசுக்குக் கடிதம் எழுதுவார்கள். அது பின்னர் பொதுவில் வெளியாகும். தீர்ப்பு ஒன்றும் வராது, ஆனால் சிறை அதிகாரிகளுக்கு மேலிடத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வர அது காரணமாகலாம்.

இந்த மூன்றுக்கும் உள்நாட்டு நீதிமன்றங்களை முடித்துவிட்டு வரத் தேவையில்லை. ஐநா மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் மனு போவதானால் மட்டும் அது தேவை; அதே விவகாரம் வேறு சர்வதேச விசாரணையில் இருந்தாலும் அந்தக் குழு எடுக்காது. பின்னால் அங்கே போகும் எண்ணம் இருந்தால் மற்ற புகார்களை அனுப்பும் முன் வழக்கறிஞரிடம் பேசி வரிசையைத் தீர்மானியுங்கள்.

கைது நடந்த வாரத்தில் நடைமுறை வரிசை பொதுவாக இது: முதலில் சிறப்பு அறிக்கையாளர்கள், கூடவே பணிக்குழுவுக்கு அவசர முறையீடு. சங்கச் சுதந்திரக் குழுவுக்கான புகாரை அவசரத்தில் அரைகுறையாக அனுப்பாமல் 2, 3 வாரம் எடுத்துச் செதுக்குங்கள். குழு ஆண்டுக்கு மூன்று முறைதான் கூடுகிறது: மார்ச், மே-ஜூன், அக்டோபர்-நவம்பர். அதனிடையே உலகச் சம்மேளனத்தின் வழியாக ஐஎல்ஓ தலைமை இயக்குநர் நேரடியாக அரசுக்கு எழுதும்படி கேட்கலாம்.

சங்கச் சுதந்திரக் குழுவுக்குப் புகார் எழுதுவது

ஐஎல்ஓ தலைமை இயக்குநருக்கு முகவரியிட வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றில் ஒன்றில் எழுதுங்கள். சங்கத்தின் பெயரில் அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தில்லாத கடிதம் நிற்காது. பிரதமருக்கோ தூதருக்கோ எழுதிய கடிதத்தின் நகலை ஐஎல்ஓவுக்கு அனுப்பினால் அது புகார் ஆகாது. மாபெரும் பொதுக்கூட்டத்தில் கைதட்டி நிறைவேற்றிய தீர்மானமும் ஆகாது. கூட்டம் கலைந்தபின் யாரோடு கடிதப் போக்குவரத்து நடத்துவது? புகார் கிடைத்ததாகத் தகவல் வந்த பிறகு கூடுதல் விவரம் அனுப்ப ஒரு மாதம் அவகாசம்.

சங்கம் கலைக்கப்பட்டிருந்தாலோ பதிவு ரத்தாகியிருந்தாலோ தலைவர்கள் நாட்டை விட்டு வெளியேறியிருந்தாலோ அதற்காக மட்டும் புகார் தள்ளப்படாது. யார் தொழிலாளர் அமைப்பு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்தின் வரையறையை வைத்துக் குழு முடிவு செய்வதில்லை.

உருவம் இப்படி இருக்கட்டும். முதல் அரைப் பக்கத்தில் சங்கம் யார், எந்த ஆண்டு தொடங்கியது, எந்தத் தொழில், எந்தச் சம்மேளனத்தில் இணைந்தது. அடுத்து தகராறின் வரலாறு ஒரு பக்கம். 20 ஆண்டுக் கதை வேண்டாம், கைதுக்கு முந்தைய 3 முதல் 12 மாதம் போதும். பிறகு கைதுகள், ஆளுக்கொரு பத்தி, எண்ணிட்டு. பிறகு இப்போதைய நிலை: யார் எங்கே இருக்கிறார், அடுத்த வாய்தா எப்போது, உடல்நிலை. கடைசியில் என்ன கேட்கிறீர்கள். இணைப்புகளுக்கு எண் கொடுத்து, பத்தியிலேயே "இணைப்பு 7" என்று சுட்டுங்கள். 10, 15 பக்கத்துக்குள் அடங்கட்டும்.

பலவீனமான பத்தி ஒன்று: "பாசிச அரசு முதலாளிகளோடு கைகோத்து எங்கள் தலைவர்களை வேட்டையாடி, பொய் வழக்குகளில் சிறையில் தள்ளியுள்ளது."

அதே செய்தி, நிற்கும் வடிவில்: "சங்கத் தலைவர், பொருளாளர் உட்பட 6 பேர் மார்ச் 4 அன்று கைதானார்கள் (இணைப்புகள் 5, 6). குற்றச்சாட்டில் பிப்ரவரி 27 ஊர்வலம் குறிப்பிடப்படுகிறது. அந்த ஊர்வலத்துக்கான அறிவிப்பு பிப்ரவரி 20 அன்று கொடுக்கப்பட்டது (இணைப்பு 3, அலுவலக முத்திரையுடன்). ஊர்வலத்தில் சங்கத்தில் இல்லாதவர்களும் கலந்துகொண்டார்கள்; கைதான 6 பேரும் சங்கப் பேச்சுவார்த்தைக் குழுவினர். விசாரணையில் கேட்கப்பட்ட கேள்விகள் உறுப்பினர் எண்ணிக்கையும் சந்தாவும் பற்றியவை (இணைப்பு 8, வழக்கறிஞரின் குறிப்பு)."

முதல் பத்திக்கு அரசு ஒரு வரியில் மறுப்பு எழுதும். இரண்டாவதுக்கு 6 கேள்விகளுக்குத் தனித்தனியே பதில் சொல்லியாக வேண்டும்.

தலைப்புப் பக்கத்திலேயே இது தனிநபர் சுதந்திரம் சம்பந்தப்பட்ட அவசர வழக்கு என்று எழுதுங்கள். உயிர், தனிநபர் சுதந்திரம், நெருக்கடி நிலை, சங்கக் கலைப்பு ஆகியவை பற்றிய புகார்களைக் குழு முன்னுரிமை கொடுத்துப் பார்க்கும்.

அரசின் பதில் வரும்போது

பதில் தாமதமாகும். தொடர்ந்து வராவிட்டால் குழு அவசர வேண்டுகோள் விடுக்கும். அதன்பிறகு பதில் இல்லாமலேயே வழக்கை ஆராயும். வரும் பதில்கள் பெரும்பாலும் சில அச்சுகளில் வார்த்தவை.

"சங்க வேலைக்காக இல்லை, குற்றத்துக்காக." இதற்குக் குழுவின் வழக்கமான மறுமொழி, பொதுப்படையாக மறுத்தால் போதாது, கைதுக்கும் சங்க வேலைக்கும் தொடர்பில்லை என்று காட்டும் குறிப்பான விவரமும் தீர்ப்பு நகலும் அனுப்பு என்பது. நீங்கள் காத்திருக்காமல் குற்றப்பத்திரிகையின் மொழிபெயர்ப்பை அனுப்புங்கள். எந்தத் தேதியில் எந்தச் செயல் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். பாதி நேரம் அந்தச் செயல் ஒரு சங்கக் கூட்டமாகத்தான் இருக்கும்.

"வழக்கு நிலுவையில் உள்ளது." சுயேச்சையான நீதிமன்றம் என்றால் குழு தீர்ப்புக்காகக் காத்திருக்கக்கூடும். வாய்தா தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் தேதி, காரணம், யார் கேட்டது என்று ஒரு வரி சேர்த்து 3 மாதத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். இழுத்தடிப்பு ஒரே கடிதத்தில் தெரியாது, அட்டவணையில் தெரியும்.

"வன்முறை நடந்தது." நடந்திருந்தால் நடந்தது என்று சொல்லுங்கள். கல் விழுந்ததை மறுத்துவிட்டு, அரசு காணொளி அனுப்பினால் மிச்சமெல்லாம் சந்தேகத்துக்குள்ளாகும். கேள்வி கைதான இந்த மனிதர் என்ன செய்தார் என்பதுதான். அவர் அந்த நேரத்தில் மேடையில் பேசிக்கொண்டிருந்தார் என்றால் அந்தக் காணொளியை, நேரக் குறியோடு, நீங்கள் அனுப்புங்கள்.

"விட்டுவிட்டோம், ஆகவே புகாரை மூடுங்கள்." விடுதலையால் நடந்த தலையீடு அழிந்துவிடாது. குற்றச்சாட்டு ரத்தானதா, பயணத்தடை உண்டா, வேலை திரும்பக் கிடைத்ததா, இழப்பீடு என்ன என்று எழுதுங்கள்.

வெளியிலிருந்து அழுத்தம்

குழுவிடம் காவல்துறை கிடையாது. அதன் பரிந்துரை, யாராவது கையில் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைக்கும்போதுதான் வேலை செய்யும். சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, போக்குவரத்துத் தொழிலாளருக்கான ஐடிஎஃப், உற்பத்தித் துறைக்கான இண்டஸ்ட்ரிஆல், ஆசிரியர்களுக்கான எஜுகேஷன் இன்டர்நேஷனல் போன்றவை தூதரகங்களையும் கொள்முதல் நிறுவனங்களையும் நேரில் பார்க்கும். உங்கள் ஆலை ஏற்றுமதிக்கு உற்பத்தி செய்கிறது என்றால், வாங்குபவர் யார் என்பதைச் சட்டைப் பட்டி அட்டையிலிருந்தோ பெட்டி முத்திரையிலிருந்தோ படம் எடுத்து வையுங்கள்.

87ஐ ஏற்றுறுதி செய்த நாடு என்றால் இன்னொரு பாதையும் உண்டு: உடன்படிக்கைகள் நிறைவேற்றப்படுவதைப் பார்க்கும் ஐஎல்ஓ நிபுணர் குழுவுக்கான கருத்துகளை செப்டம்பர் 1க்குள் அனுப்பினால், ஜூன் மாதம் நடக்கும் ஐஎல்ஓ மாநாட்டில் அரசு எழுந்து பதில் சொல்லும் நிலைக்கு விவகாரம் போகலாம்.

பெலாரஸின் பாதையைப் பார்த்தால் காலக்கணக்கு புரியும். 2003இல் ஐஎல்ஓவின் விசாரணை ஆணையம், 2004இல் 12 பரிந்துரைகள், 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் வர்த்தகச் சலுகையை நிறுத்தியது, 2023 ஜூனில் ஐஎல்ஓ, ஆணையத்தின் பரிந்துரைகளை நிறைவேற்றாத நாட்டின் மீது நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் தன் அமைப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவைப் பயன்படுத்தியது. இருபது ஆண்டு, இன்னும் கைதுகள். மாறாக இந்தோனேசியாவில் 1996இல் கைதான சங்கத் தலைவர் முக்தார் பக்பஹான் 1998 மே மாதம், சுஹார்த்தோ பதவி விலகிய சில நாட்களில் விடுதலையானார். அடுத்த மாதமே அந்நாடு 87ஐ ஏற்றுறுதி செய்தது. ஜெனீவாக் கோப்பு சிறைக் கதவைத் தானாகத் திறந்துவிடவில்லை. அரசியல் காற்று திரும்பிய நாளில் முதலில் விடப்பட வேண்டியவர் யார் என்பதை யாரும் தேடிக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான். குடும்பத்திடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "ஐநாவுக்கு எழுதியாச்சு, அடுத்த வாரம் வந்துடுவார்" என்று ஆறுதல் சொல்பவர்கள் மூன்றாவது மாதம் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

வீட்டுச் செலவு, சிறைப் பார்வைக்கான பயணம், பிள்ளைகளின் படிப்புக் கட்டணம் ஆகியவற்றுக்குச் சங்கத்தில் தனி நிதி, தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். அதுவே இரண்டாவது வழக்காகும் நாடுகள் உண்டு.

வெளியே வந்த பிறகு

முதல் வாரத்திலேயே, ஞாபகம் மங்கும் முன், அவரை உட்கார வைத்து நாள்வாரியாகக் கேட்டு எழுதுங்கள்: எத்தனை முறை விசாரித்தார்கள், சங்கம் பற்றி என்ன கேட்டார்கள், எதில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரே மூச்சில் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும், கேட்பவர் ஒருவராகவே இருக்கட்டும். மருத்துவரிடம் அனுப்புங்கள், தூக்கத்தைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். திரும்பி வந்த கைபேசியையும் மடிக்கணினியையும் பழையபடி பயன்படுத்தக் கூடாது.

பிறகு ஜெனீவாவுக்கு ஒரு பக்கக் கடிதம், வழக்கு எண்ணை மேலே எழுதி: விடுதலையான தேதி, பிணையின் நிபந்தனைகள், நிலுவையிலுள்ள குற்றச்சாட்டுகள், பணிநீக்கம் ரத்தானதா. நீங்கள் எழுதாவிட்டால் தொடர் கண்காணிப்பில் இருக்கும் வழக்கு, தகவல் இல்லை என்று மூடப்படலாம். கோப்பைப் பரணில் போடாதீர்கள். பிணையில் இருப்பவரை மறுபடி பிடித்தால், அன்று காலை 5.40க்கு அதே தாள்கள்தான் வேண்டியிருக்கும்.